பழைய ஓட்டுத் தொழுவம்: பழுது பார்ப்பதா, தகடு போடுவதா, இடித்துவிடுவதா?

தோட்டத்தில் தாத்தா காலத்துத் தொழுவம் ஒன்று நிற்கிறது. கருங்கல் தூண்கள், பனங்கைச் சட்டம், மேலே ஓடு. மழை பெய்தால் நாலு இடத்தில் ஒழுகுகிறது. உத்திரம் ஒன்று நடுவில் தொய்ந்திருக்கிறது. உள்ளே இரண்டு மூன்று கலப்பினப் பசுக்கள். மகன் கலர் ஷீட் போடலாம் என்கிறான். கொத்தனார் இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டால் கவலையே இல்லை என்கிறார். அப்பா கையை வைக்காதே என்கிறார். கொங்குப் பகுதியிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த வீட்டுச் சண்டைதான்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் கூரையைப் பார்த்தே பேசுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வேறு: இந்தக் கட்டடம் எந்த மாட்டுக்காக, நாளின் எந்த நேரத்துக்காகக் கட்டப்பட்டது என்பது.

## இரவுக்குக் கட்டிய கட்டடம்

நம் பக்கத்துப் பழைய கட்டுத்தரைகள் பெரும்பாலும் உழவு மாடுகளுக்காகக் கட்டியவை. காங்கேயம் காளைகள் விடியும் முன்பே ஏருக்கோ, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலைக்கோ, வண்டிக்கோ போய்விடும். பசுவும் கன்றும் கொறங்காட்டில் மேயும். கிளுவை வேலி சுற்றிய அந்த மேய்ச்சல் காட்டில் வெள்வேல மர நிழலும் கொழுக்கட்டைப் புல்லும் இருந்தன. மாடுகள் கூரைக்குக் கீழ் வருவது பொழுது சாய்ந்த பிறகுதான். அந்தத் தொழுவம் இரவுப் பனிக்கும் மழைக்கும் ஆடிக்காற்றுக்கும் திருட்டுக்கும் பாதுகாப்பு. மதிய வெயிலில் மாடு நிற்க வேண்டிய இடமாக அதை யாரும் நினைக்கவில்லை.

இன்றைக்கு அதே கட்டடத்தில் ஜெர்சி கலப்போ ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்போ நாள் முழுக்க நிற்கிறது. நாட்டு மாட்டைவிட வெயிலை மிகக் குறைவாகத் தாங்கும் மாடு அது. ஒரு நாளில் 15 கிலோவுக்கு மேல் சாணம் போடும், மூத்திரமும் அதற்கேற்ப. பகலில் காலியாகக் கிடந்து காய்ந்துகொண்டிருந்த மண் தரை இப்போது காயவே வழியில்லை. ‘பழைய தொழுவம் சரியில்லை, ஒரே ஈரம், ஒரே நாற்றம்’ என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. மாறியிருப்பது தொழுவத்தின் வேலை நேரம்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கேள்வியும் மாறிவிடும். எந்தக் கூரை நல்லது என்பதற்கு முன்னால், மாடு பகலில் எங்கே நிற்கப் போகிறது என்று கேளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் மதிய வெப்பம். இதற்குக் கருவி வேண்டாம். சித்திரையில் ஒரு நாள் மதியம் 2 மணிக்குப் படுத்திருக்கும் பசுவின் விலாவைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். சாதாரணமாக 15 முதல் 30 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் மாடு வெப்பத்தோடு போராடுகிறது என்று அர்த்தம். வாயைத் திறந்து எச்சில் வடித்தால் நிலைமை மோசம். கூரையை மாற்றும் முன் ஒரு முறையும் மாற்றிய பின் ஒரு முறையும் எண்ணிப் பார்த்தால், செலவு செய்தது பலித்ததா என்று மாடே சொல்லிவிடும்.

இரண்டாவது தரை. மூத்திரம் தேங்குகிறதா, வழுக்குகிறதா, கழுவ முடிகிறதா. மடிநோயும் குளம்புப் புண்ணும் கூரையால் வருவதைவிடத் தரையால் வருவதே அதிகம்.

மூன்றாவது காற்றும் மழையும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் வீசும் காற்றுக்கு நேராக இருக்கும் ஊர்களில் இது முக்கியம். காவிரி டெல்டாவில் புயலைக் கணக்கில் வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நான்காவது, 15 வருடக் கணக்கு. இன்றைக்கு ஆகும் செலவை மட்டும் பார்த்தால் கீற்றுதான் ஜெயிக்கும். 15 வருடத்தில் கூரையை எத்தனை முறை வேய வேண்டும், எத்தனை ஓடு மாற்ற வேண்டும், எத்தனை தகடு துருப்பிடிக்கும் என்று எழுதிப் பார்த்தால் வரிசை மாறும். அதோடு, அந்த வேலை தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இன்னும் 15 வருடம் கிடைப்பாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலர் தோற்பது இந்த இடத்தில்தான்.

கடைசியாக, மாடுகளின் எண்ணிக்கை. மூன்று மாட்டுக்குச் சரியான முடிவு பன்னிரண்டு மாட்டுக்குத் தப்பாகும்.

## முடிவெடுக்கும் முன் ஒரு மணி நேரச் சோதனை

ஏணி, சுத்தியல், கூரான கம்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கைமரங்களின் நடுவைப் பார்க்க வேண்டாம், நுனிகளைப் பாருங்கள். சுவரின் மேல் படியும் இடமும் இறவாரத்துக்கு வெளியே நீட்டிய முனையும்தான் முதலில் கெடும். அங்கே கம்பியை வைத்து அழுத்துங்கள். வைரம் பாய்ந்த பனங்கை என்றால் கம்பி வழுக்கிக்கொண்டு போகும், சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும். கம்பி அரை அங்குலம் உள்ளே இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. நுனி மட்டும் போன மரத்தை முழுதாகத் தூக்கி எறியத் தேவையில்லை. கெட்டதை வெட்டிவிட்டுத் துண்டு சேர்த்துப் போல்ட் போட நல்ல தச்சரால் முடியும். சட்டத்துக்குக் கீழே மாவு கொட்டியிருந்தால் வண்டு துளைக்கிறது. சுவரில் மண் குழாய் ஏறியிருந்தால் கரையான்.

அடுத்தது தூண்கள். கருங்கல் தூணில் மூன்றடி உயரத்தில் ஒரு பக்கம் எண்ணெய் தேய்த்தது போல வழவழவென்று இருக்கும். தலைமுறை தலைமுறையாக மாடுகள் கழுத்தைத் தேய்த்த இடம் அது. அந்தத் தூணுக்கு எந்தச் சோதனையும் வேண்டாம், செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் போதும். மண் சுவர் என்றால் அடிப்பக்கம் ஒரு அடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்ந்திருக்கும். மூத்திரம் ஊறியதால் வருவது அது. சுவரின் பாதிக் கனம் வரை அரித்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தூண் நேராக நிற்கிறது, மரத்தில் முக்கால்வாசி நன்றாக இருக்கிறது என்றால் கீழே வரும் முதல் வழியையும் ஐந்தாம் வழியையும் கவனித்துப் படியுங்கள். தூணே சாய்ந்திருந்தால், மரம் பாதிக்கு மேல் உளுத்திருந்தால், பழுது பார்க்கிறேன் என்று பணத்தைக் கொட்ட வேண்டாம்.

## வழி 1: ஓட்டுக் கூரையைப் பிரித்து அடுக்குவது

ஓட்டுக் கூரைக்கு ஒரு குணம் உண்டு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடுக்கு இருப்பதால் கூரை முழுக்க மெதுவாகக் காற்று கசிந்துகொண்டே இருக்கும். மாட்டின் உடம்புச் சூடும் மூத்திரத்தின் காரநெடியும் மேலே ஏறி முகட்டு வழியாக வெளியேறிவிடும். ஓடு நீரைத் தேக்கி நிறுத்தாமல் வடிக்க 30 பாகை அளவுக்குச் சரிவு வேண்டும், அதனால் முகடும் உயரமாகவே இருக்கும். சூடான காற்று மாட்டின் முதுகுக்கு மேலே வெகு தூரத்தில் நிற்கும். இந்த உயரமும் கசிவும் சேர்ந்துதான் பழைய தொழுவத்தின் குளுமை. சுட்ட மண்ணுக்கு அதில் பங்கு பாதிதான்.

உங்களுடையது நாட்டு ஓடா மங்களூர் ஓடா என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். நாட்டு ஓடு குயவர் கையால் செய்தது, சிறியது, அரைவட்டமாக வளைந்தது, இரட்டை அடுக்காக வேய்வது. அதை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன் பிரித்து அடுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் வேகமாகக் குறைகிறார்கள். புது நாட்டு ஓடு சுட்டுத் தருகிற சூளை அருகில் இல்லையென்றால் இந்த வழி நாளுக்கு நாள் கடினமாகும்.

மங்களூர் ஓடு வேறு கதை. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய வகை. பின்னால் கோழிக்கோடு ஃபரோக் பக்கமும் நிறைய ஆலைகள் வந்தன. ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 முதல் 150 ஓடு பிடிக்கும். ஒன்றில் ஒன்று கொக்கி போட்டு உட்காருவதால் உடைந்ததை மட்டும் உருவி மாற்றலாம். பழைய வீடுகள் இடிக்கும் இடங்களில் இந்த ஓடு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கும்போது ஆலைப் பெயர் ஒன்றாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். வேறு வேறு ஆலை ஓடுகள் வெளியே ஒன்று போலத் தெரிந்தாலும் கொக்கி சரியாக உட்காராது, மழைத்தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கும்.

மறைந்திருக்கும் செலவு: மயிலும் குரங்கும். கொங்குப் பகுதியில் மயில் கூட்டம் முகட்டில் வந்து உட்கார்வது இப்போது அன்றாடக் காட்சி. மலையடிவாரத்தில் குரங்கு. எத்தனை கச்சிதமாக அடுக்கினாலும் வருடத்தில் கொஞ்சம் ஓடு உடையும், நகரும். அதனால் வாங்கும்போதே பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கித் தொழுவத்தின் பின்னால் அடுக்கி வையுங்கள். இன்னொன்று, ஓட்டைச் சரி செய்துவிட்டுத் தரையை அப்படியே விட்டுவிடுவது. கூரைக்குச் செலவு செய்த கையோடு தரைக்கும் செய்யாவிட்டால் பழைய நாற்றமும் உண்ணியும் தொடரும். சுவர் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு அடிப்பதும் இதோடு சேர்ந்த வேலை. உண்ணி பதுங்குவது அந்த வெடிப்புகளில்தான்.

யாருக்குச் சரி: மரமும் தூணும் நன்றாக இருப்பவர்களுக்கு, ஐந்தாறு மாடு வரை வைத்திருப்பவர்களுக்கு. அந்தக் கட்டடத்தின் மீது பிரியம் உள்ளவர்களுக்கும். பிரியத்தை ஒரு காரணமாகச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஒரு வட்டாரத்தின் கல்வேலையும் மரவேலையும் மாட்டு வளர்ப்பும் ஒன்றாகத் தெரியும் கட்டடங்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டிருக்கின்றன. கோயிலைக் காக்கச் சட்டம் இருக்கிறது, தொழுவத்தைக் காக்க அதன் சொந்தக்காரர் மட்டும்தான்.

## வழி 2: பழைய சட்டத்தின் மேல் தகடு

பெரும்பாலோர் எடுக்கும் முடிவு இதுதான். நான் அதிகம் தயங்குவதும் இதில்தான். வேலை ஓரிரு நாளில் முடியும், ஒழுகல் நிற்கும், மயிலும் குரங்கும் ஒன்றும் செய்ய முடியாது. இதெல்லாம் உண்மை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், தகட்டுக்குச் சரிவு அதிகம் தேவையில்லை. 10 பாகை இருந்தாலே தண்ணீர் ஓடிவிடும். ஆகவே பொருளும் கூலியும் மிச்சம் என்று முகட்டை இறக்கிவிடுகிறார்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும் தகடு, மாட்டின் முதுகுக்கு நாலைந்து அடி மேலே வந்துவிடுகிறது. இடுக்கும் இல்லை, கசிவும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு அந்தத் தொழுவத்துக்குள் நுழைந்தால் நமக்கே மூச்சு முட்டும். பழைய கட்டடத்தில் இருந்த உயரம், கசிவு, கனம் மூன்றும் ஒரே நாளில் போய்விடுகின்றன.

கனம் என்று சொன்னேன், அதை விளக்க வேண்டும். மங்களூர் ஓடு 100 சதுர அடிக்கு 300 கிலோவுக்கு மேல் வரும். தகடு அதே பரப்புக்கு 50 கிலோ அளவில்தான். பழைய தொழுவங்களில் உத்திரம் தூணின் தலையில் சும்மா உட்கார்ந்திருக்கும், போல்ட் எதுவும் கிடையாது. ஓட்டின் பாரம்தான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. பாரத்தை எடுத்துவிட்டுப் பட்டம் போன்ற தகட்டை மேலே வைத்தால், ஆடிக்காற்று தகட்டை மட்டும் தூக்காது, சட்டத்தோடு தூக்கும். தகடு போடுவதென்றால் உத்திரத்தைத் தூணோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்குவது கட்டாயம். விலை சொல்லும் ஆட்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை, நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

மூத்திர ஆவி தகட்டின் அடிப்பக்கத்தையும் ஆணித் துளையையும் துருப்பிடிக்க வைக்கும். அதே மாதிரித் தகடு வீட்டு மாடியில் உழைக்கும் காலத்தைத் தொழுவத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

சிமென்ட் ஷீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த ஷீட் தகரத்தைவிடக் கொஞ்சம் சூடு குறைவு என்று இன்னும் வாங்குகிறார்கள். கல்நார்த் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானது. புதிதாக வாங்காதீர்கள். ஏற்கெனவே இருப்பதைக் கழற்றும்போது தண்ணீர் அடித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். அறுப்பதும் துளையிடுவதும் கூடாது.

யாருக்குச் சரி: ஓடு கிடைக்காத, ஓடு வேயும் ஆள் இல்லாத ஊர்க்காரர்களுக்கு. குரங்குத் தொல்லை தாங்க முடியாதவர்களுக்கு. பகலில் மாட்டை வெளியே மர நிழலில் கட்டுகிறவர்களுக்கு. போடுவதானால் பழைய முகட்டு உயரத்தை அங்குலம்கூடக் குறைக்காதீர்கள். முகட்டில் இரு பக்கத் தகடும் சேரும் இடத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அதற்கு மேல் தனியாக ஒரு தொப்பித் தகடு போடச் சொல்லுங்கள், சூடு அதன் வழியே போகும். தகட்டின் மேல்புறம் வெள்ளை அடித்து, கீழே தென்னங்கீற்றுப் படல் கட்டினால் பாதி சங்கடம் தீரும். கோவைக்கொடியோ சுரைக்கொடியோ ஏற்றிவிடுவது இன்னும் நல்லது.

## வழி 3: கீற்று அல்லது பனையோலை

குளுமையில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. டெல்டாவில் உம்பளச்சேரி மாடுகளின் கொட்டகைகள் பலவும் இப்படித்தான். தென்னங்கீற்று இரண்டு மூன்று வருடம் தாங்கும், பனையோலை அதைவிடக் கொஞ்சம் கூட. மாலையில் வேப்பிலை மூட்டம் போடும் வழக்கம் உள்ள வீடுகளில் புகை ஏறி ஓலை கூடுதலாக உழைக்கும், கொசுவும் அண்டாது.

15 வருடத்தில் ஐந்தாறு முறை வேய வேண்டும் என்பதுதான் கணக்கு. சொந்தத் தென்னந்தோப்பு இருந்து, வீட்டிலேயே கீற்று முடைந்தால் அது செலவாகத் தெரியாது. கீற்றையும் ஆளையும் விலைக்கு வாங்குகிறவருக்கு 15 வருட முடிவில் ஓட்டுக் கூரையின் செலவை எட்டிவிடும்.

நெருப்புதான் பெரிய பயம். கட்டிப்போட்ட மாட்டால் ஓட முடியாது. கீற்றுக் கொட்டகைக்குள் மின்சார ஒயரைத் தொங்கவிடாதீர்கள், வைக்கோல் போரைத் தள்ளி வையுங்கள், கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

## வழி 4: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது

இடித்துக் கட்டுவதே தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. எட்டுப் பத்து மாட்டுக்கு மேல் போய், பால் கறவை இயந்திரம் வைத்து, தினமும் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவுகிறவருக்குப் பழைய தொழுவத்தின் அகலம் போதாது. பழைய அளவுகளில் தீனிப் பாதைக்கு இடமே விட்டிருக்காது. நாட்டு மாட்டுக்கு அளந்த நிற்கும் இடத்தில் ஹெச்.எஃப். கலப்புப் பசுவின் பின்னங்கால் சாக்கடைக்குள் இறங்கி நிற்கும். ஒரு மாட்டுக்கு ஐந்து முதல் ஐந்தரை அடி நீளம், மூன்றரை முதல் நாலடி அகலம் வேண்டும்.

புதிதாகக் கட்டும்போது கான்கிரீட் தளக் கூரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு முழுக்கக் கீழே இறக்கும். மாடு இளைப்பாற வேண்டிய நேரமே இரவுதான். சூட்டுக்கு மேல் மூத்திர ஆவி வேறு. கம்பிக்கு மேல் சிமென்ட் மூடல் மெலிவாக இருந்தால் சில வருடங்களில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு பெயர்ந்து விழும். மாட்டுக்கு மேலே அது விழுவது ஆபத்து. மேலே வைக்கோல் அடுக்க இடம் கிடைக்கும் என்பதற்காகத்தான் பலர் தளம் போடுகிறார்கள். வைக்கோலுக்குத் தனியாக ஒரு பரண் போடுவது அதைவிட மலிவு.

கான்கிரீட் போட வேண்டிய இடம் தரை. அதிலும் கவனம் வேண்டும். கொத்தனார் பழக்கத்தில் கரண்டியால் தேய்த்து மழமழவென்று முடித்துவிடுவார், மாடு சறுக்கி இடுப்பு பிசகும். ஈரமாக இருக்கும்போதே குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறச் சொல்லுங்கள். 5 அடி நீளத்துக்கு 1 அங்குலம் சாய்வு போதும். அதற்கு மேல் சாய்த்தால் சினை மாட்டுக்குச் சிரமம். படுக்கும் இடத்தில் ரப்பர் பாய் வேண்டும், அந்தச் செலவையும் ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: இடிப்புக் கூலி, மண் அள்ளும் கூலி, கட்டி முடியும் வரை மாட்டை வைக்கும் இடம். அரசுத் திட்டத்தில் மாட்டுக் கொட்டகை கிடைக்குமா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்த பிறகே கடப்பாரையைத் தொடுங்கள். கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி முதலில் இடித்துவிட்டு, மழைக்காலத்தில் மாட்டோடு நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

## வழி 5: பழைய தொழுவம் இரவுக்கு, பட்டி பகலுக்கு

முதலில் சொன்ன விஷயத்துக்கு நேரான பதில் இது. கட்டடம் இரவுக்குக் கட்டியது என்றால், பகலில் மாட்டை அதிலிருந்து வெளியே விட்டுவிடலாம்.

மாட்டை அடைக்கும் கூரையில்லாத வேலியிட்ட இடமான பட்டி நமக்குப் புதிதல்ல. பர்கூர் மலையில் மந்தைகளைப் பட்டியில்தான் அடைக்கிறார்கள். சிவகங்கை, மதுரைப் பக்கம் புலிக்குளம் மாடுகள் கிடையாகவே, அதாவது திறந்தவெளியில் மந்தையாக அடைக்கப்பட்டே வளர்கின்றன. அறுவடை முடிந்த வயலில் இரவில் கிடை போட்டால் சாணமும் மூத்திரமும் அந்த வயலுக்கே உரம். நீலகிரியில் தோடர்கள் எருமைகளை அடைக்க வட்டமாகக் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கூரை இல்லாத மாட்டு இடம் என்பது நம் மண்ணில் கூரையைவிடப் பழையது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவும் இதை ஒட்டியதுதான்: ஒரு பசுவுக்குக் கூரைக்குக் கீழ் 3.5 சதுர மீட்டர், அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 7 சதுர மீட்டர் திறந்தவெளி. எருமைக்கு 4, 8.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தொழுவத்தின் திறந்த பக்கத்தை ஒட்டி வேலி போட்ட ஒரு முற்றம். அதில் வேம்போ புங்கனோ வாகையோ ஒன்றிரண்டு மரம். மரம் வளரும் வரை கீற்றுப் பந்தல். தண்ணீர்த் தொட்டியும் தீவனத் தொட்டியும் நிழலில். முற்றம் மேடாக இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் வெளியே ஓட வேண்டும். மாடுகளைக் கட்டாமல் விட்டால் பருவத்துக்கு வருவது எளிதாகத் தெரியும், குளம்பும் தேறும். தொழுவத்தின் தரை பகலில் மறுபடியும் காயத் தொடங்கும்.

குறைகளும் உண்டு. கொம்புள்ள மாடுகளை ஒன்றாக விட்டால் முட்டிக்கொள்ளும், அடங்கிப் போகும் மாட்டுக்குத் தீனி கிடைக்காது. தீனி நேரத்தில் மட்டும் கட்டிப் போடுவது ஒரு வழி. ஐப்பசி கார்த்திகையில் முற்றம் சேறாகும், அப்போது மடியைக் காக்க மாட்டை உள்ளேயே வைக்க வேண்டியிருக்கும். ஊருக்குள், நாலு பக்கமும் வீடு சூழ்ந்த இடத்தில் இருப்பவர்களுக்கு இது முடியாது. மற்றபடி, இடம் இருக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வழி 1-இன் பழுது வேலையோடு இதைச் சேர்த்துச் செய்தால் புதுக் கட்டடத்தின் செலவில் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| வழி | மதிய வெப்பம் | காற்று, மழை | பின்னால் வரும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ஓட்டைப் பிரித்து அடுக்குவது | நன்றாகத் தாங்கும் | கனத்தால் நிற்கும். ஓடு நகர்ந்தால் ஒழுகும் | உடையும் ஓடு, ஆள் கிடைப்பது | நல்ல மரம், ஐந்தாறு மாடு வரை |
| தகடு | மோசம். முகடு உயரமானால் பரவாயில்லை | ஒழுகாது. இறுக்காவிட்டால் பறக்கும் | இரும்புப் பட்டை, துரு, படல் | ஓடும் ஆளும் இல்லாத ஊர் |
| கீற்று, பனையோலை | மிக நன்று | புயலில் கஷ்டம். சீக்கிரம் திரும்ப வேயலாம் | 2, 3 வருடத்துக்கொரு முறை வேய்வது, நெருப்பு | சொந்தத் தோப்பு உள்ளவர் |
| இடித்துக் கட்டுவது | கூரையைப் பொறுத்தது. கான்கிரீட் என்றால் இரவிலும் சூடு | உறுதி | இடிப்பு, ரப்பர் பாய், தற்காலிக இடம் | எட்டுப் பத்து மாட்டுக்கு மேல், அல்லது தூண் சாய்ந்தது |
| தொழுவம் + பட்டி | மர நிழல் வந்தபின் மிக நன்று | மழைக்காலத்தில் சேறு | வேலி, மண் மேடாக்குவது | இடம் உள்ள தோட்டம் |

## வேலையில் இறங்குகிறவர்களுக்கு

கூரையைத் திறக்கும் வேலையை மாசி பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கூரையையும் ஒரே நாளில் பிரிக்காமல் ஒரு அங்கணம் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) முடித்து அடுத்ததற்குப் போனால், மாடுகளை மறுபக்கம் கட்டிக்கொள்ளலாம், திடீர் மழைக்கும் பயமில்லை. பிரிக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து, உத்திரத்திலும் கைமரத்திலும் சுண்ணாம்பால் எண் போட்டுவிட்டால் தச்சருக்குத் திரும்பப் பொருத்தும் நேரம் பாதியாகும்.

இடிப்பதே முடிவு என்றால், கல்தூண்களையும் கல்தொட்டியையும் இடிப்பவரிடம் கூலிக்கு ஈடாகக் கொடுத்துவிடாதீர்கள். பழைய தூண், மரம், ஓடு எல்லாவற்றுக்கும் இப்போது நல்ல விலை இருக்கிறது. காரைக்குடியில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. விற்பதைவிட, புதுத் தொழுவத்தில் அதே தூண்களை நிறுத்துவது மேல். சிமென்ட் தூணின் அடிப்பக்கத்தை மூத்திரம் பட்டுப் பட்டு அரிக்கும், கருங்கல்லை ஒன்றும் செய்யாது. நட்டுக் கொடுக்க நாலு ஆளும் ஒரு சங்கிலி பிளாக்கும் போதும். குழியில் அடியிலேயே ஒரு பலகைக்கல் போட்டு அதன் மேல் தூணை இறக்கச் சொல்லுங்கள்.